பதினேழாவது பாட்டு

மே 13, செவ்வாய்

‘தாளக்கோடு’ என்ற கைபேசி விளையாட்டு நேற்று மாலை ஆறு மணிக்கு வெளியானது. ஆதாரம்: தயாரித்த கொழும்பு நிறுவனத்தின் அறிக்கை. ஆறு இருபதுக்கு அது என் போனிலும் இறங்கிவிட்டது. மொத்தம் இருபத்திரண்டு பாட்டுகள்.

இளையோர் பக்கம் எழுதும் ஸஹ்ரா பிரசவ விடுமுறையில் இருக்கிறாள். ஆசிரியர் தங்கரத்தினம் காலையில் என் மேசைக்கு வந்து நின்றார். அவர் கதிரையில் இருந்து எழும்பி வந்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

“அக்கா, இந்தக் கேமைப் பற்றி முதல் அபிப்பிராயம் ஒண்டு உங்கட பத்தியில போடுவமா? பெடியள் எல்லாம் இதோடதான் கிடக்கிறாங்கள். கஷ்டமெண்டா விடுங்கோ.”

“ஏன் கஷ்டம்?”

“இல்ல… சும்மா…”

எனக்கு ஐம்பத்தெட்டு. அவருக்கு ஐம்பத்திரண்டு. அவர் பயிற்சி நிருபராக வந்தபோது அவருடைய முதல் செய்தியை மூன்று தரம் திருப்பிக் கொடுத்தவள் நான். எழுதுகிறேன் என்றேன்.

விளையாட்டு இப்படி: திரையில் மேலிருந்து கீழாக நாலு கோடுகள். கோடு வழியே வெளிச்சப் புள்ளிகள் இறங்கும். அடியில் ஒரு வெள்ளைப் பட்டி. புள்ளி பட்டியைத் தொடும் கணத்தில் விரலால் தட்ட வேண்டும். அந்தக் கணமும் பாட்டின் அடியும் ஒன்றாக விழும். சரியென்றால் ‘சபாஷ்’. இல்லாவிட்டால் ‘முந்தி’, ‘பிந்தி’. நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேறலாம்.

முதல் பாட்டில் எனக்கு 12. ஆறாவது முறையில் 38. தோள்பட்டை நோகிறது. பிடித்திருக்கிறது. இதை எழுத வெட்கமாக இல்லை.

“ஸுல்பி, சோறு அடிப்பிடிக்கிது” என்றார் ஜவாஹிர் குசினியிலிருந்து. துறைமுகத்து இழுவைப் படகில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற என் கணவர். இப்போது அடுப்பைக் கண்காணிக்கிறார்.

“பிடிக்கட்டும். இன்னும் ரெண்டு நிமிஷம்.”

“நாட்டில நடக்கிறதெல்லாம் எழுதி முடிஞ்சுதா, இனிப் பம்பரம் விடப் போறியா?”

ஓம். விடத்தான் போகிறேன்.

மே 15, வியாழன்

நாற்பது முறை விளையாடி ஒவ்வொன்றையும் குறித்தேன். ஐந்து பாட்டுகள், பாட்டுக்கு எட்டு முறை. சரியாக மத்தளத்தின் அடியில் தட்டுகிறேன், ‘பிந்தி’ என்கிறது. எல்லாப் பாட்டிலும் இதே கதை. சத்தமும் புள்ளியும் ஒட்டவில்லை. ஒரு முறை என்றால் என் விரலின் பிழை. நாற்பது முறை என்றால்?

விளையாட்டில்தான் பிழை. எழுதிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

பத்தி வந்தது. தலைப்பு தங்கரத்தினம் வைத்தது: ‘தாளம் தப்பும் தாளக்கோடு’.

மே 19, திங்கள்

காலை எட்டு மணிக்குள் பத்திரிகையின் முகநூல் பக்கத்தில் இருநூற்றுப் பதினாறு பின்னூட்டங்கள். மீனவர் துறைமுகத்து எண்ணெய்க் கசிவை எழுதியபோது பதினொன்று வந்தது.

“அன்ரி, புளூடூத்தைக் கழட்டிப்போட்டு வயர் போட்டு விளையாடுங்கோ.”

“அன்ரிக்கு ஆராவது உதவி செய்யுங்கோடா.”

“தாளம் தப்பினது கேமுக்கோ, நிருபருக்கோ?”

பத்து மணிக்கு நிறுவனத்திலிருந்து கடிதம். ஒலிப் பொறுப்பாளர் பிரசாந்தினி என்பவர் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம், அதனால்தான் கூடச் சுட்டது. வயரில்லாத ஹெட்செட்டில் சத்தம் கால் செக்கன் வரை பிந்திக் காதுக்கு வரும்; விளையாட்டின் முதல் பக்கத்திலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது; வாசித்தீர்களா?

வாசிக்கவில்லை.

என் ஹெட்செட் ஜவாஹிர் பெருநாளுக்கு வாங்கித் தந்தது. பேட்டிகளைக் கேட்டு எழுத அதைத்தான் போடுவேன். பேட்டியில் குரல் கால் செக்கன் பிந்தினால் யாருக்கு என்ன? அதே பழக்கத்தில் அதே சாமானைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டை ஊரறியக் குற்றம் சொல்லிவிட்டேன். மெயின் வீதியில் வயர் வைத்த ஒன்றை வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். ஐந்து பாட்டும் சரி. அடிக்கு அடி சரி.

பிழை என்னுடையது. முழுக்க.

தங்கரத்தினம் இணையத்தில் இருக்கும் பத்தியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார். முடியாது என்றேன். திருத்தம் போடுங்கள், என் பெயருடன் போடுங்கள்.

அவர் மேலே மாடிக்குப் போய்ப் பணிப்பாளரிடம் கதைத்துவிட்டு இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

“போடலாமாம். ஆனா இனி ஒரு திருத்தம் வந்தா அந்தப் பத்தியில உங்கட பேர் இருக்காது எண்டு சொல்லிட்டார். ‘நமது நிருபர்’ எண்டுதான் போகும்.”

‘துறைமுகத்திலிருந்து’ என்ற தலைப்புக்குக் கீழே என் பெயர் பத்தொன்பது வருடமாக இருக்கிறது.

“சரி” என்றேன்.

மே 25, ஞாயிறு

திருத்தம் இரண்டாம் பக்கத்தில் வந்தது. முப்பத்தொரு சொல். எண்ணிப் பார்த்தேன்.

மே 27, செவ்வாய்

விளையாடுவதை நிறுத்துவேன் என்று ஜவாஹிர் நினைத்தார். ஏன் நிறுத்த வேண்டும்? பிழையாக எழுதியவள் சரியாக எழுதும்வரை விளையாட வேண்டாமா?

வயரைப் போட்டு இருபத்திரண்டு பாட்டையும் முடித்தேன். நல்ல விளையாட்டு. இப்போது அதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்திருக்கிறது. ஒன்பதாவது பாட்டில் நாதஸ்வரமும் கிற்றாரும் மாறிமாறி வரும் இடத்தில் விரல்கள் தாங்களாகவே ஓடுகின்றன. இருபத்தொரு பாட்டில் தேறிவிட்டேன். பதினேழாவதில் மட்டும் இல்லை.

பதினேழாவது, ‘கரைவலை’. நிலாவெளிக் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் பாட்டு, அங்கேயே பதிவு செய்தது என்று திரையில் எழுதியிருக்கிறது. முன்குரல் ஒரு அடி சொல்ல, மற்றக் குரல்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குகின்றன. பின்னால் அலைச் சத்தம். எனக்குத் தெரிந்த பாட்டு, தெரிந்த இழுவை. இருந்தும் 41. அடுத்து 39. அடுத்து 43.

நடுவில் ஜவாஹிர் ஏதோ கேட்டார் என்று ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமலே பாட்டை முடித்தேன். 84.

எழும்பி நின்றுவிட்டேன்.

திரும்பவும் செய்தேன். சத்தத்துடன் பத்து முறை, சத்தமில்லாமல் பத்து முறை. சத்தத்துடன் சராசரி 41. சத்தமில்லாமல் 86. மற்ற நாலு பாட்டுகளில் இதே சோதனை: அவற்றில் சத்தத்தை நிறுத்தினால் எண் குறைகிறது. குறையத்தானே வேண்டும்? பாட்டு விளையாட்டில் பாட்டைக் கேட்காதவன் கூடுதலாக எடுப்பதென்றால் அந்தப் பாட்டில் ஏதோ பிசகு.

ஜவாஹிரிடம் சொன்னேன்.

“திரும்பவுமா?” என்றார். பிறகு போனை வாங்கினார். பாட்டைக் கேட்டுத் தலையை ஆட்டி ஆட்டித் தட்டினார். 22. “இந்தப் போனுக்குக் காது மந்தம்” என்று திருப்பித் தந்தார்.

மே 28, புதன்

பிரசாந்தினியுடன் தொலைபேசியில் கதைத்தேன். இருபத்தொன்பது வயது, தம்பலகாமத்தில் பிறந்தவர். பதினேழாவது பாட்டைப் பதிவு செய்ததும் புள்ளிகளை அமைத்ததும் அவரே.

“எப்படி அமைத்தீர்கள்?”

“பாட்டின்ர வேகத்தை எடுத்தனாங்கள். நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு அடி. தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் அந்தக் கணக்கில புள்ளி விழும். எல்லாப் பாட்டுக்கும் அப்பிடித்தான்.”

“இந்தப் பாட்டு முழுவதும் ஒரே வேகத்தில் போகிறதா?”

“பாட்டெண்டா அப்பிடித்தானே அக்கா.” பிறகு கேட்டார்: “வயர்தானே போட்டிருக்கிறீங்கள்?”

போட்டிருந்தேன். போட்டிருந்தும் கன்னம் சுட்டது.

மே 31, சனி

காலை ஐந்து நாற்பது பஸ்ஸில் நிலாவெளி. ஆறரைக்கு வலை கடலில். கரையில் இரண்டு கயிறு, இரண்டுக்கும் இடையில் ஒரு கூப்பிடு தூரம். இந்தக் கரையில் சிலர் உழவு இயந்திரத்தைக் கட்டி இழுக்கிறார்கள். இவர்கள் கையால்தான். முன்குரல் சின்னராசாவினுடையது. ஐம்பது வயது, வாய் நிறைய வெற்றிலை. விளையாட்டில் கேட்கும் குரல் தன்னுடையதுதான் என்றார். போன வருடம் ஒரு பிள்ளை மெஷினோடு வந்து பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார். குரலைப் போட்டுக் காட்டியதும் பக்கத்தில் நின்றவர்களும் உறுதிப்படுத்தினார்கள். சிரித்துக்கொண்டு.

அரை மணித்தியாலம் இழுவையை மட்டும் பார்த்தேன். கைக்கடிகாரத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் இடைவெளி குறித்தேன். இரண்டு செக்கன். மூன்றரை. இரண்டு. நாலு. ஒன்றேமுக்கால்.

“ஏன் இப்படி மாறுகிறது?”

சின்னராசா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“அலை வரேக்க இழுக்கிறது. போகேக்க பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. போற அலையில இழுத்தா கடலோட மல்லுக்கட்டுறதுதான், வலை வராது. அலை போய் முடியுமட்டும் நான் சொல்லை நீட்டிக்கொண்டு நிப்பன். அது எப்ப வருமெண்டு எனக்கென்ன தெரியும், கடலுக்குத்தான் தெரியும்.”

அதுதான். எழுபத்திரண்டு என்று ஒரு கணக்கு அந்தப் பாட்டில் இல்லை. அலை நீண்டால் அடி நீளும். பிரசாந்தினி குரலை அப்படியே வைத்துவிட்டு, புள்ளிகளைக் கொழும்பிலிருந்து நேர்கோட்டில் அடுக்கியிருக்கிறார். மூன்றாவது வரியிலேயே இரண்டும் பிரிந்துவிடும்.

வலை ஏறி, மடியை அவிழ்த்து மீனைக் கொட்டிய பிறகு போனைக் கொடுத்தேன். வயர், சத்தம், எல்லாம் சரிபார்த்து. சின்னராசா முதலில். 29.

“எங்கட பாட்டில நீயே பெயிலா அண்ணை!”

“வாயை மூடிக்கொண்டு நீ எடு பாப்பம்.”

மற்றவன் எடுத்தது 33.

“உனக்குப் பள்ளிக்கூடத்திலயும் இதே மாக்ஸ்தானே.”

போன் கைகளுக்கு மாறிக்கொண்டே போனது. நான் சின்னராசாவுடன் மணலில் உட்கார்ந்து, பதிவு நடந்த நாளின் விபரங்களைக் கேட்டு எழுதினேன். ஒவ்வொருவரும் முடித்ததும் தன் எண்ணைக் கூவினார், கூவியதைக் குறித்துக்கொண்டேன். 29, 33, 40, 18, 37, 31, 44, 26. எட்டுப் பேர். ஒருவரும் தேறவில்லை.

“ஆறாவது இடத்தில நான் எண்டு பேப்பர்ல போடுங்கோ” என்றான் 31 எடுத்தவன். உண்மையில் ஐந்தாவது. சொன்னேன். நிமிர்ந்து நின்றான்.

ஜூன் 2, திங்கள்

தங்கரத்தினம் கட்டுரையை இரண்டு முறை வாசித்தார்.

“விளங்குது. ஆனா அக்கா, இது அதே கேம், அதே கம்பனி, அதே குற்றச்சாட்டு. தாளம் பிழை. சனம் என்ன சொல்லும்?”

“போன முறை பிழை. இந்த முறை சரி.”

“போன முறையும் சரி எண்டுதானே சொன்னீங்கள்.”

சோதனைத் தாளை அவர் முன்னால் வைத்தேன். சத்தத்துடன், சத்தமில்லாமல், திகதி, நேரம். தன் போனில் விளையாட்டை இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் இருந்தார். வெளியே வந்து, “ஞாயிறு போகுது” என்றார். என்ன எண் எடுத்தார் என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். இன்று கட்டுரை வந்தது. ‘கயிறு பிடித்த எட்டுப் பேர் தங்கள் பாட்டிலேயே தோற்றார்கள், ஒருவர்கூடத் தேறவில்லை’ என்பது முதல் வரி.

மாலை நிறுவனத்தின் பதில்: விளையாடிப் பழக்கமில்லாத எட்டு மீனவர் தோற்றது எதற்கும் ஆதாரமில்லை, கட்டுரையாளர் முன்பும் இதே விளையாட்டைப் பிழையாகக் குற்றம் சாட்டித் திருத்தம் வெளியிட்டவர் என்பதை வாசகர் கவனிக்கவும்.

வாசகர் கவனிக்கிறார்கள். அன்ரி என்று ஆரம்பித்து நூறு பேராவது கவனித்துவிட்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

காலை பத்தரைக்குச் சின்னராசா ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கூட இன்னொருவர். நாற்பது வயதிருக்கும், அகன்ற தோள். பெயர் சுகிர்தன், இவரும் அதே கயிற்றில் இழுப்பவர். முகம் எனக்கு நினைவிருந்தது. குரல் நினைவில்லை.

“ரெண்டு நாளா இவன் என்னை விடேல்ல” என்றார் சின்னராசா. “பேப்பர்ல எழுதின அந்த மனுசியைக் காட்டு, காட்டு எண்டு.”

சுகிர்தன் கதிரையில் உட்காரவில்லை. ஞாயிற்றுப் பத்திரிகையை மேசையில் விரித்து, என் முதல் வரியில் விரலை வைத்தார். ‘ஒருவர்கூடத் தேறவில்லை’ என்ற இடம்வரை விரலை இழுத்து நிறுத்தினார். என் கையிலிருந்த பேனையை எடுத்து ஓரத்தில் எழுதினார்.

பொய்.

அதற்குக் கீழே: நான் 91.

“இவனுக்குக் காது கேக்காது” என்றார் சின்னராசா. “நாலு வயசில காய்ச்சல் வந்து காது போனது. வாயும் பேசமாட்டான். ஆனா எழுத வாசிக்க எங்கள் எல்லாரையும் விட இவன்தான்.”

என் போனைத் திறந்து, விளையாட்டின் பழைய எண்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். இவ்வளவு நாளும் அதைத் திறக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. மே 31, பதினேழாவது பாட்டு: ஒன்பது எண்கள். எட்டு மணி நாற்பத்தேழுக்கு, 91.

ஒன்பது பேர் விளையாடியிருக்கிறார்கள். எட்டுப் பேர் கூவினார்கள். நான் கூவியதைத்தான் எழுதினேன். சுகிர்தன் போனைத் தூக்கி என் பக்கம் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு சின்னராசாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் நிருபராக இருப்பவள். காதுக்கு வந்ததை எழுதினேன், கண்ணுக்கு முன்னால் நின்ற மனிதரை விட்டுவிட்டேன்.

தாளில் எழுதிக் கேட்டேன்: பாட்டுக் கேட்காமல் எப்படிக் கயிறு இழுக்கிறீர்கள்?

அவர் எழுதினார்: முன்னுக்கு நிக்கிறவன்ர தோள். அது அசைஞ்சா நானும்.

கேமில்?

தோளுக்குப் பதிலா புள்ளி. லேசு.

பிறகு, பேனையைத் திருப்பித் தருமுன், இன்னொரு வரி: என்ர பேரைப் போட்டுத் திருத்துங்கோ.

ஜூன் 11, புதன்

தங்கரத்தினத்துடன் சண்டை.

“அக்கா, யோசிச்சுப் பாருங்கோ. ஒருவரும் தேறேல்ல எண்டு போட்டம். இப்ப ஒருத்தர் தொண்ணூற்றொண்டு எண்டு போட்டா கம்பனிக்காரன் என்ன சொல்லுவான்? முழுக்கட்டுரையும் பொய் எண்டுவான். உங்களுக்கு ரெண்டாவது திருத்தம். பணிப்பாளர் சொன்னது ஞாபகமிருக்குத்தானே?”

“இருக்கு.”

“அவரைக் கூப்பிட்டு வைச்சு ஒரு தேத்தண்ணி குடுத்து, தனிப்பட்ட முறையில மன்னிப்புக் கேப்பம். நானும் வாறன். ஆருக்கும் தெரியாது.”

“அவருக்குத் தெரியும்.”

“ஒரு ஆள், அக்கா.”

“எங்கட பேப்பரை விரலை வைச்சு எழுத்தெழுத்தா வாசிக்கிற எத்தினை பேரைக் கண்டிருக்கிறீங்கள்? நான் ஒருத்தரைக் கண்டனான். அவர் எழுதினது பொய் எண்டு. பிழை எண்டு கூட இல்ல. பொய் எண்டு. நான் என்ன செய்ய வேணும், தேத்தண்ணி ஊத்துறதா?”

“உங்கட பேர் போயிடும்.”

“போகட்டும். பொய் எழுதி வைச்சுக்கொண்டு இருக்கிற பேரை எங்க கொண்டுபோய் வைக்கிறது, அலுமாரியிலயா?”

சத்தம் போட்டுவிட்டேன். கணினிப் பிரிவில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டில் ஜவாஹிரிடம் சொன்னபோது அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். “உன்ட பேர் இல்லாட்டி அந்தப் பத்தியை நான் வாசிக்க மாட்டன்” என்றார். பிறகு, “இப்பயும் வாசிக்கிறல்ல, தலைப்பைத்தான் பாக்கிறன்” என்றார். சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் முறை.

ஜூன் 12, வியாழன்

எழுதிக் கொடுத்தது:

“திருத்தம். ஜூன் 8 இதழில், நிலாவெளியில் ‘கரைவலை’ பாட்டை விளையாடிய எட்டுப் பேரில் ஒருவரும் தேறவில்லை என எழுதியிருந்தேன். விளையாடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பதாமவர் திரு. சுகிர்தன், 91 பெற்றுத் தேறினார். அவருக்குச் செவிப்புலன் இல்லை; பாட்டைக் கேட்காமல் புள்ளிகளை மட்டும் பார்த்து விளையாடினார். பாட்டைக் கேட்டு விளையாடிய எட்டுப் பேரும் தேறவில்லை. எண்ணிக்கையைப் பிழையாக எழுதியவள் நான். – ஸுல்பிகா”

தங்கரத்தினம் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். ஒரு சொல்லும் வெட்டாமல் பக்கத்துக்கு அனுப்பினார்.

ஜூன் 15, ஞாயிறு

திருத்தம் வந்தது. பத்தியும் வந்தது, கிண்ணியா பஸ் நேரங்கள் பற்றியது. ‘துறைமுகத்திலிருந்து’. கீழே: நமது நிருபர்.

பார்த்தேன். மடித்து வைத்தேன். அடுத்த வாரத்துக்கு மூதூர் படகுத்துறை பற்றி எழுத வேண்டும், குறிப்புகள் எடுத்தாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

பிரசாந்தினி அழைத்தார். நிறுவனத்தின் இலக்கம் இல்லை, அவருடைய சொந்தப் போன்.

“அக்கா, அந்த ஒன்பதாம் ஆளுக்கு உண்மையா காது கேக்காதா?”

“கேக்காது.”

“ஒண்டும்?”

“ஒன்றும்.”

அவர் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“எட்டுப் பேர் பெயில் எண்டு நீங்கள் எழுதினபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போன் பழக்கமில்லாத ஆக்கள் எண்டு அறிக்கைக்கு எழுதிக் குடுத்தவளே நான்தான். ஆனா ஒன்பதாம் ஆளுக்கும் அதே போன், அதே பழக்கமின்மை, அதே கடற்கரை. அவருக்கில்லாதது பாட்டு மட்டும். பாட்டில்லாதவர் தேறுறார், பாட்டுக்காரர் தோற்கிறார். அப்ப நான் என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறன்?” மூச்சு வாங்கினார். “திருத்தத்தை வாசிச்சிட்டு, புள்ளி பட்டியைத் தொடுகிற இடத்தைக் கடதாசியால மறைச்சுக்கொண்டு, காதை மட்டும் வைச்சுப் பதினேழாவதைப் போட்டனான்.”

“எவ்வளவு?”

“முப்பத்தாறு. நான் செய்த பாட்டில.”

இதைப் பெயருடன் எழுதலாமா என்று கேட்டேன். அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டுவிட்டு வரமாட்டார் என்று நினைத்தேன். நாலு மணிக்குக் குறுஞ்செய்தி: “எழுதுங்கோ. முப்பத்தாறையும் போடுங்கோ.”

ஜூன் 22, ஞாயிறு

வந்தது. நமது நிருபர். பின்னூட்டங்களில் ஒருவன்: “இது அன்ரிதான் எழுதினது, எனக்குத் தெரியும்.”

ஜூன் 24, செவ்வாய்

பதினேழாவது பாட்டின் புள்ளிகள் முழுதாக மாற்றப்படும். ஆதாரம்: நிறுவனம் நேற்று மாலை அனுப்பிய கடிதம், பிரசாந்தினியின் கையொப்பத்துடன். புள்ளிகளை இந்த முறை கணக்கு வைத்துப் போடமாட்டார்கள். அவர் சனிக்கிழமை நிலாவெளிக்கு வந்து, சின்னராசாவின் வரிசை இழுப்பதைப் பார்த்து, ஒவ்வொரு இழுப்பையும் கையால் குறிப்பார். சின்னராசா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: வலை தண்ணியில் இருக்கும்போதுதான் பாடுவார், வெறும் கரையில் நின்று பாட மாட்டார். “அப்பிடிப் பாடினா ஆரைக் கூப்பிடுறன் நான்?” என்றாராம். கயிற்றில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று பிரசாந்தினி என்னிடம் கேட்டார். தலையை எண்ணுங்கள், குரலை எண்ணாதீர்கள் என்றேன்.

மூதூர் படகுத்துறைப் பத்தியை இன்று மதியம் கொடுத்தேன். மேலே என் பெயரைப் போட்டே கொடுத்தேன், போன வாரமும் முந்திய வாரமும் போட்டதுபோல. எடுப்பதென்றால் அவர்கள் எடுக்கட்டும். நானே எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

நாலரைக்குத் தங்கரத்தினம் பக்கத்தின் மாதிரியை அனுப்பியிருந்தார். ‘துறைமுகத்திலிருந்து’. அதன் கீழே ‘நமது நிருபர்’ இல்லை. என் பெயரும் இல்லை. ஒரு வரி அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருக்கிறது. போனில் கேட்டேன்.

“பணிப்பாளர் வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து வாறார், அக்கா. கதைக்கிறன். நானும் அந்த இடத்தில சும்மா ஒண்டைப் போட்டு நிரப்பப் போறதில்ல.”

“கதைக்கும்போது முப்பத்தாறையும் காட்டுங்கள்” என்றேன்.

“அண்டைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த என்ர இருபத்தெட்டையும் காட்டுறன்” என்றார்.

நிலுவையில் இருப்பவை: திருத்திய பாட்டு, ஜூலை 10. பெயர், வெள்ளி மாலை.